அடித்த காசும் அறிந்த எழுத்தும்

என் மூத்தம்மாவின் பெட்டகத்தில் ஒரு வெள்ளிக் காசு இருக்கிறது. சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் வீடு துப்புரவாக்கும்போது அது என் கையில் அகப்பட்டது. கரிக்கட்டி போலக் கறுத்துக் கிடந்தது. நல்லது செய்வதாக நினைத்து, பழப்புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் அரை மணி நேரம் தேய்த்தேன். காசு பளபளத்தது. மூத்தம்மா அதை வாங்கிப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "என்ன புள்ள, எழுத்தையும் சேத்துக் கழுவிட்டியே" என்றார்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளை செய்யக்கூடிய காரியமா அது? வெள்ளியின் கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளுடன் வெள்ளி தாக்கமுற்று உண்டாகும் வெள்ளி சல்பைட்டு. கறுத்த படையைச் சாம்பலால் உரசி எடுக்கும்போது அதோடு சேர்ந்து எழுத்தின் விளிம்பும் போய்விடும். அந்தக் காசில் என்ன இருந்தது, நான் எதை அழித்தேன் என்று அறியும் ஆவலில்தான் பழைய வெள்ளிக் காசுகளைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் நமக்குச் சொந்தமான ஒரு விடயம் இருந்ததால் இதை எழுதுகிறேன், தோழியரே.

இன்றைய காசுகளை இயந்திரம் அச்சிடுகிறது. எல்லாம் ஒரே வட்டம், ஒரே விளிம்பு. இயந்திரம் வருமுன் காசைச் சுத்தியலால் அடித்தார்கள். ஓர் அச்சைப் பட்டறைக் கல்லில் அசையாமல் பதித்து வைப்பார்கள். அதன்மேல் நிறை பார்த்து வெட்டிய வெள்ளித் துண்டு. அதற்கும் மேலே கையில் பிடித்த இன்னோர் அச்சு. பிறகு ஓங்கி ஓர் அடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். கை சற்று விலகினால் எழுத்தும் விலகும். அடி சரிந்தால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் மங்கலாகவும் விழும். ஆகவே ஒன்றைப்போல் இன்னொன்று இராது.

இதில் முகலாயர் காசுகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அச்சு பெரியது, வெள்ளித் துண்டு சிறியது. அச்சில் முழு வாசகம் இருந்தாலும் காசில் அதன் ஒரு பகுதிதான் விழும். ஒரு காசில் அரசரின் பெயரின் தலை இருக்கும். இன்னொன்றில் வால் இருக்கும். வருடம் ஒன்றில் விழும், மற்றதில் விளிம்புக்கு வெளியே போய்விடும். ஒரு காசை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பவர், கிழிந்த கடிதத்தின் ஒரு மூலையை வைத்திருப்பவரைப் போன்றவர்.

அந்த மூலையை நம்மால் ஓரளவு வாசிக்க முடியும். முகலாயர் காசில் உருவம் கிடையாது என்றே சொல்லலாம், இருப்பதெல்லாம் எழுத்து. மொழி பாரசீகம், எழுத்து நாம் குர்ஆன் மத்ரசாவில் அலிப், பே, தே என்று தொடங்கிப் படித்த அதே எழுத்துத்தான். எழுதும் பாணி மட்டும் வேறு. நாம் பழகிய நஸ்க் நிமிர்ந்து நிற்கும். காசிலுள்ள நஸ்தஃலீக் வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கும். புள்ளிகளை முழுமையாக வைக்க மாட்டார்கள். இடம் போதாமல் சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் விடுவார்கள். முதலில் தலை சுற்றும். இரண்டு நாள் பார்த்தால் கண் பழகிவிடும்.

முதலில் தேடவேண்டிய சொல் மூன்றே எழுத்து: ளாத், றே, பே. "ளர்ப்" என்று வாசிக்கவேண்டும். அறபு இலக்கணம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். வினைச்சொல் பாடத்தில் முதல் நாளே வந்து நிற்கும் "ளரப"தான் இது. ஸைத் என்பவர் பாவம் அம்ரை ஆண்டாண்டு காலமாக அடித்துக்கொண்டிருக்கும் அதே ளரப! அடித்தல் என்று பொருள். காசில் அதற்குப் பக்கத்தில் வரும் சொல், காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். தமிழிலும் நாம் காசு அடித்தல் என்றே சொல்கிறோம். இரண்டு மொழிக்கும் சுத்தியலின் சத்தம் கேட்டிருக்கிறது.

அடுத்து, காசின் குறுக்கே கோடு கிழித்தாற்போல் நீண்டு கிடக்கும் ஓர் எழுத்தைக் காணலாம். அது "ஜுலூஸ்" என்ற சொல்லின் கடைசி ஸீன். ஜுலூஸ் என்றால் அரியணையில் அமர்தல். அதனோடு "ஸனஹ்" என்ற சொல்லும் ஓர் எண்ணும் வரும். அரசர் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பதை அந்த எண் குறிக்கும். காசின் மறு பக்கத்தில் அரசரின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும்.

ஹிஜ்ரி ஆண்டை ஆங்கில ஆண்டாக்க எளிய வழி ஒன்று உண்டு. ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து, வந்ததை அதே ஆண்டிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டவேண்டும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைந்தது. 33 ஆண்டில் அது ஏறத்தாழ ஓர் ஆண்டாகிவிடும். நோன்பு மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் மாறி மாறி வருவதும் இந்தக் கணக்கினால்தான். ஒரு வருடம் முன்பின்னாக விடை சரியாக வரும்.

கலிமாவும் ஓர் அடையாளம். முன்னைய முகலாய மன்னர் பலரின் காசுகளில் கலிமா இருந்தது. காசு எல்லாருடைய கையிலும் புழங்கும், நிலத்தில் விழும், காலில் மிதிபடும் என்று கருதி அவ்ரங்கசீப் அதை நிறுத்திவிட்டார். ஆகவே முகலாயர் வெள்ளியில் கலிமாவைக் கண்டால் அது பெரும்பாலும் அவருக்கு முந்தியது. ஒளு இல்லாமல் இந்தக் காசைத் தொடலாமா என்று என் தங்கச்சி கேட்டாள். முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒரு பாதுஷா அதை யோசித்துவிட்டார் என்றேன்.

இவை எல்லாம் வட இந்தியக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமது பொத்துவில், பாணமை, குமண என்று கரையோரமாகத் தெற்கே போனால் யால காடு வரும். அதற்கும் அப்பால், கிரிந்தைக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறைத் தொடர் இருக்கிறது. பெரிய இராவணன் கோட்டை என்பது அதன் பெயர். அதன்மேல் 1873இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. 1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மைக் வில்சன் என்ற சுழியோடி, எங்களைவிட இளைய இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே படம் பிடிக்க இறங்கினார். கடலடியில் பித்தளைப் பீரங்கியும் வெள்ளிக் காசுகளும் தெரிந்தன. வில்சனின் கூட்டாளி, அப்போது கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1963இல் பீட்டர் துரொக்மோர்டன் என்ற கடலடித் தொல்லியலாளரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் போனார்கள். கிளார்க் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

மேலே வந்தவை தனித்தனிக் காசுகள் மட்டுமல்ல. மூட்டையின் வடிவம் மாறாமல் கட்டியாக இறுகிய காசுகளும் வந்தன. ஒரு கட்டியில் ஏறத்தாழ ஆயிரம். ஒரு ரூபாய் பதினொன்றரைக் கிராம் அளவில் இருக்கும். அப்படியானால் ஒரு மூட்டை பதினொரு கிலோவுக்கும் மேல். கடல்நீரிலுள்ள குளோரைட்டோடு வெள்ளி சேர்ந்து காசுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. வெளிப்புறக் காசுகள் அரிக்கப்பட்டுத் தகடாகிப் போயின. உள்ளே இருந்தவையோ நேற்று அடித்தவைபோல் இருந்தன. சூரத்தில் அடித்தவை, அரசர் அவ்ரங்கசீப், ஆண்டு ஹிஜ்ரி 1113. முன்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 1701 வரும். சரியாகச் சொன்னால் 1701 ஜூன் முதல் 1702 மே வரை.

இந்த மூட்டைகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வெள்ளியின் விலை அல்ல. ஒரே ஊரில் ஒரே ஆண்டில் அடித்த ஆயிரம் காசுகள் ஒரே இடத்தில் கிடந்தன. ஒன்றில் விடுபட்ட எழுத்து அடுத்ததில் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சிலிருந்த முழு வாசகமும் எழுந்து வரும். வெள்ளிக் காசின் வாசகத்தில் முழுமதி உவமையாக வருகிறது. பொற்காசில் மதியின் இடத்தில் சூரியன் வரும். புழங்கித் தேயாத காசுகள் என்பதால், அடித்துச் சில காலத்துக்குள்ளேயே கப்பல் ஏறின என்பதும் தெரிகிறது. ஒருவர் ஒரு காசையும் இன்னொருவர் பத்துக் காசையும் அள்ளிக்கொண்டு போயிருந்தால் இதில் ஒன்றையும் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இந்த இடத்தில் கொக்கிக் காசைச் சொல்லாமல் போனால் குறையாகும். இந்த நாட்டில் காசு என்றால் வட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று இருந்ததில்லை. பாரசீகத்தின் தெற்கே லார் என்றொரு நகர் உண்டு. அதன் பெயரால் லாரி என்று வழங்கிய வெள்ளிக் காசு, ஒரு கம்பிதான். ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைந்த வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, அறபு எழுத்துள்ள அச்சை வைத்து அடித்துவிடுவார்கள். ஹோர்முஸ் துறைமுகத்திலிருந்து வணிகர் கையோடு அது இந்து சமுத்திரம் முழுவதும் சுற்றியது. மாலைதீவில் ரூபாயின் நூறில் ஒரு பங்குக்கு இன்றும் லாரி என்றுதான் பெயர். இலங்கையில் அதை மீன் தூண்டில்போல வளைத்தார்கள். 1660இல் மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்த றொபட் நொக்ஸ் இந்தத் தூண்டில் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசர் அனுமதித்ததால் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விரும்பிய முத்திரையை இட்டார்களாம். வெள்ளியில் சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்களாம். தூய வெள்ளையாக வராவிட்டால் அந்தக் காசு செல்லாது. செம்பு கலந்திருந்தால் சூட்டில் ஒட்சைட்டாகிக் கறுக்கும் என்று நம் பாடப்புத்தகம் சொல்வதை அந்த மக்கள் அடுப்பங்கரையில் வைத்தே செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இங்கே செய்த கொக்கிக் காசில் அறபு தெரிந்தவருக்கு ஒரு பொறி இருக்கிறது. அச்சு வெட்டிய தட்டார் பலருக்கு அறபு தெரியாது. பார்த்த கோடுகளைப் பார்த்தபடி வெட்டினார்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் வெட்ட வெட்ட, எழுத்து வெறும் கீறலாகிவிட்டது. அலிப்போல் ஒன்று நிற்கும், லாம்போல் ஒன்று வளையும், வாசித்தால் ஒன்றுமே வராது. வாசிக்க முடியாமல் இருப்பதே அது இந்த நாட்டில் அடித்தது என்பதற்கு அடையாளம். படம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்த பிறகே எனக்கு இது தெரியவந்தது.

இனி நம் வீட்டுக் காசுக்கு வருகிறேன். நான் தேய்த்ததுபோக எஞ்சியதைப் பார்க்க ஒரு வழி கிடைத்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைக் காசின் பக்கவாட்டிலிருந்து, கிட்டத்தட்டப் படுக்கையாக அடிக்கவேண்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம் நிழல் விழுந்து தெரியும். அப்படித்தான் ஒரு பக்கத்தில் "ஆலம்கீர்" என்ற சொல்லின் பின்பாதி தெரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆலம்கீர் என்பது அவ்ரங்கசீப்பின் பட்டப்பெயர் அல்லவா? மறு பக்கத்தின் அடியில் ஊரின் பெயர் "தே" என்று முடிந்தது. சூரத் தே என்றுதான் முடியும். காக்காவிடம் சொன்னேன். "அப்ப இது இராவணன் கோட்டைச் சல்லி" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். அன்றிரவு எங்கள் வீட்டில் நாங்கள் பணக்காரர்.

மறுநாள் மூத்தம்மாவைக் கேட்டேன். அவர் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுவார்; அறபுத்தமிழை ஓடும் தண்ணீர்போல வாசிப்பார். நம் தமிழ் ஓசைகளுக்காக அறபு எழுத்தில் புள்ளியும் கோடும் கூட்டி எழுதிய பழைய கிதாபுகளில் பழகிய கண் அது. அவர் கண்ணாடியைக் கூடப் போடவில்லை. நகத்தால் அந்த இடத்தைத் தடவினார். "தேக்கு முன்னால இஞ்ச பாரு மகள், நெட்டுக்கு நிக்கிது. இது றே இல்ல. அலிப்."

அதோடு காக்காவின் கப்பல் மூழ்கியது. சூரத் என்ற சொல்லை ஸீன், வாவு, றே, தே என்று எழுதுவார்கள். தேக்கு முன்னால் வளைந்து இறங்கும் றே வரவேண்டும். தேக்கு முன்னால் அலிப் வரும் ஊர் ஆற்காடு. பாரசீகத்தில் அதை "அர்காத்" என்று எழுதினார்கள். ஆலம்கீர் என்ற பெயரும் ஒருவருக்கு உரியதல்ல. 1754 முதல் 1759 வரை தில்லியில் இருந்த இன்னொரு பாதுஷாவுக்கும் அதுவே பட்டப்பெயர்; அவரை இரண்டாம் ஆலம்கீர் என்பார்கள். ஆற்காட்டு ரூபாயில் இருப்பது இவருடைய பெயர்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஆங்கிலேயக் கும்பனி சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாயில் ஹிஜ்ரி 1172, அரசாண்டு 6 என்றே போட்டுக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் 1758 வரும். அந்தப் பாதுஷா மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அதே பெயர், அதே ஆண்டு. மக்கள் நம்பிய காசின் முகத்தை மாற்றக் கும்பனிக்குத் துணிவு வரவில்லை. ஆகவே இந்த வகைக் காசில் உள்ள ஆண்டை நம்பிப் பயனில்லை, விளிம்பைத்தான் பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு இயந்திரம் வந்த பிறகு காசு ஒழுங்கான வட்டமாகிவிட்டது. நம் காசின் விளிம்பு கோணல். ஓரிடத்தில் வெடிப்பும் உண்டு. சுத்தியல் அடித்ததுதான்.

1796இல் கும்பனிப் படை ஒல்லாந்தரிடமிருந்து நம் கரையோரத்தைப் பிடித்தபோது, தொடக்க ஆண்டுகளில் இங்கே ஆட்சி நடந்தது சென்னையிலிருந்து. படைக்குச் சம்பளமும் சந்தைக்குச் சல்லியும் அங்கிருந்தே வந்தன. ஆற்காட்டு ரூபாய் நம் பக்கம் வந்த வழிகளில் அதுவும் ஒன்று.

பாடசாலை ஆய்வுகூடத்தில் நிறுத்தபோது காசு 11.28 கிராம் காட்டியது. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுக் கனவளவு பார்த்தால் 1.09 கன சென்ரிமீற்றர். அடர்த்தி 10.35. தூய வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96. நல்ல வெள்ளி, சிறிது கலப்பு. விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு ஒன்று இருப்பதால் கணக்கைச் சற்றுத் தாராளமாகவே எடுக்கவேண்டும். சூரத்து ரூபாயும் ஆற்காட்டு ரூபாயும் ஏறக்குறைய ஒரே நிறை என்பதால் தராசு அரசரைக் காட்டித் தராது. வெள்ளியா ஈயப் பூச்சா என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சியது. ஆற்காடு என்ற பெயரைப் போட்டு ஆங்கிலேயரும் அடித்தார்கள், பிரெஞ்சுக்காரரும் அடித்தார்கள். சென்னையில் அடித்ததில் சிறிய தாமரை இருக்கும். புதுச்சேரியில் அடித்ததில் பிறை இருக்கும். அரிசிமணி அளவு அடையாளம். இரண்டு நாட்டையும் பிரிப்பது அதுதான். டோர்ச்சை எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். அது இருக்கவேண்டிய இடம் மழமழவென்று கண்ணாடிபோல மின்னுகிறது. புளியும் சாம்பலும் என் கையும் அதிகம் வேலை செய்த இடம்.

இங்கிலாந்தில் வயல்வெளிகளில் உலோகம் தேடும் கருவியோடு நடப்பது பலருக்கு ஓய்வுநாள் பொழுதுபோக்கு. அங்கே அகப்படுவதும் சுத்தியல் அடித்த வெள்ளிதான். ஒன்றரைக் கிராம்கூட வராத பென்னிகள். ஒரு பக்கம் முடிசூடிய அரசரின் முகம், மறு பக்கம் சிலுவையும் அடித்த நகரின் பெயரும். முகத்தைப் பார்த்து அரசரைக் கண்டுபிடிக்க முடியாது. எட்வேட் பலருக்கும் ஏறக்குறைய ஒரே பொம்மை முகம். எழுத்தைத்தான் பார்க்கவேண்டும். ஓரத்தை நறுக்கி வெள்ளி திருடுவோரைத் தடுக்க 1247இல் சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டினார்கள். கை குறைந்திருந்தால் காசும் குறைந்தது என்று தெரிந்துவிடும். சில்லறை வேண்டுமென்றால் அந்தச் சிலுவைக் கோட்டிலேயே பாதியாகவும் காலாகவும் வெட்டிக்கொண்டார்கள். ஒரு காசு எந்த வயலில் எந்த இடத்தில் கிடைத்தது என்று பதிய 1997 முதல் அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன.

நம் நாட்டில் சட்டம் வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டால் அது அரசுக்குரியது. காணியின் சொந்தக்காரருக்கு அல்ல. கண்டவர் தொல்பொருள் திணைக்களத்துக்கோ அரசாங்க அதிபருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கவேண்டும். ஸ்கேனரோடு புதையல் தோண்டப் போய்க் கைதானவர்களைப் பற்றி மாதத்துக்கு ஒரு முறையாவது பத்திரிகையில் பார்க்கிறோம். அவர்கள் தோண்டுவது பெரும்பாலும் பழைய விகாரை, கோயில், குளக்கரை. காசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எது எதன் பக்கத்தில் எந்த ஆழத்தில் கிடந்தது என்ற செய்தி அந்த இரவோடு போய்விடுகிறது. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருகிறது. உடனே தேங்காய்த் தும்பு ஞாபகம் வந்து நின்றுவிடுகிறது.

காசை இப்போது வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன்: வெள்ளி ரூபாய். சுத்தியலால் அடித்தது. இரண்டாம் ஆலம்கீர் பெயரில். ஆற்காடு. 11.28 கிராம். விளிம்பில் வளையத் தழும்பு. அடையாளம் தேய்க்கப்பட்டது, தேய்த்தவள் பேத்தி. மூத்தம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"வளையம் போட்டு என்ட உம்மா கழுத்துல கிடந்த சல்லி எண்டும் எழுது" என்றார். எழுதினேன்.